ஃபின்னிஷும் ஹங்கேரியனும்: உயிரொலி இணக்கம் எங்கே பிடிக்கிறது, எங்கே விடுகிறது

ஃபின்னிஷில் 'வீட்டில்' என்பதற்கு தலொ-ஸ்ஸ. 'ஊரில்' என்பதற்கு கு°ல°-ஸ்ஸ°. இரண்டிலும் இருப்பது ஒரே வேற்றுமை உருபுதான். நம்முடைய 'இல்' எந்தச் சொல்லில் போய் ஒட்டினாலும் 'இல்'லாகவே இருக்கும். அங்கே அப்படியில்லை, எந்தச் சொல்லோடு சேர்கிறதோ அந்தச் சொல்லின் உயிரைப் பார்த்து உருபு தன் உயிரை மாற்றிக்கொள்ளும். இதைத்தான் உயிரொலி இணக்கம் என்கிறார்கள். ஃபின்னிஷும் ஹங்கேரியனும் அடங்கிய யூராலிக் குடும்பத்து மொழிகளில் பலவற்றில் இது இருக்கிறது.

இதைச் சொல்லித்தரும் பாடங்கள் பெரும்பாலும் விதியை முதலில் நீட்டி முழக்கிவிட்டு, விதி செல்லாத இடங்களைக் கடைசியில் 'விதிவிலக்கு' என்று ஒரு மூலையில் தள்ளிவிடுகின்றன. என்னைக் கேட்டால் அது தலைகீழ். விதி ஐந்து நிமிட வேலை. அது எங்கே நின்றுபோகிறது, ஏன் நிற்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தொடங்கும் முன் எழுத்து பற்றி ஒரு சின்ன ஏற்பாடு. தமிழ் எழுத்தில் இல்லாத மூன்று உயிர்கள் நமக்குத் தேவைப்படும். எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி வட்டம் (°) போட்டிருந்தால், அதே உயிரை நாக்கை முன்னால் தள்ளிச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உ° என்றால் 'இ' சொல்லும் நிலையில் நாக்கை வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் குவிப்பது. ஒ° என்றால் 'எ' சொல்லும் நிலையில் நாக்கு, உதடு குவிந்து. அ° என்பது ஆங்கிலக்காரர் 'பேங்க்' என்று சொல்லும்போது வரும் உயிர். சொல்லுக்கும் உருபுக்கும் நடுவில் உள்ள சிறுகோடு நம் வசதிக்காக, அவர்கள் எழுத்தில் அது கிடையாது. ஃபின்னிஷ் சொற்களில் க, த, ப எங்கே வந்தாலும் வல்லோசையாகவே படியுங்கள்.

படி 1: உயிர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஃபின்னிஷில் எட்டு உயிர்கள், நெடிலும் குறிலும் ஒன்றாகக் கணக்கிட்டால். அ, ஒ, உ மூன்றும் பின்னுயிர்கள், நாக்கு பின்னால் இருக்கும். அ°, ஒ°, உ° மூன்றும் அவற்றின் முன்னுயிர் ஜோடிகள். எ, இ இரண்டும் நடுநிலை.

நமக்கு இதில் பழக்கமில்லாதது ஒன்றுதான். தமிழில் உதடு குவியும் உயிர்கள் எல்லாம் பின்னுயிர்கள். தொல்காப்பியர் உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்துக்கும் 'இதழ் குவிந்து இயலும்' என்று ஒரே வரியில் இலக்கணம் சொல்ல முடிந்தது அதனால்தான். ஃபின்னிஷில் உதட்டின் வேலை தனி, நாக்கின் வேலை தனி. காது பழகும் வரை இந்த வித்தியாசம் அற்பமாகத்தான் தோன்றும், ஆனால் பொருளே மாறிவிடும்: வார என்றால் ஆபத்து, வா°ர° என்றால் தவறானது. ஸூ என்றால் வாய், ஸூ° என்றால் காரணம்.

படி 2: சொல்லைப் பார்த்து உருபைத் தேர்ந்தெடுங்கள்

கேள்வி ஒன்றே ஒன்று. சொல்லில் அ, ஒ, உ ஏதாவது இருக்கிறதா? இருந்தால் பின்னுயிர் உருபு. இல்லையென்றால் முன்னுயிர் உருபு. அவ்வளவுதான். ஃபின்னிஷின் சொந்தச் சொற்களில் ஒரே வேருக்குள் பின்னுயிரும் முன்னுயிரும் கலக்கவே கலக்காது என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை.

ஊர்ப் பெயர்களை வைத்துப் பழகுவது சுலபம். துர்க்கு நகரில் என்றால் துரு-ஸ்ஸ (இடையில் மெய் மாறுவது வேறொரு விதி, இப்போது விட்டுவிடுங்கள்). பொரி நகரில், பொரி-ஸ்ஸ. அங்கே கடைசி உயிர் 'இ' தான், ஆனாலும் அதைத் தாண்டி முதல் அசையின் 'ஒ' ஆட்சி செய்கிறது. யு°வ°ஸ்கு°ல° நகரில், யு°வ°ஸ்கு°ல°-ஸ்ஸ°. தம்பெரெ நகருக்கு வேறு உருபு வரும், தம்பெரே-ல்ல என்பார்கள், அதிலும் இதே கதை: இரண்டு எகரங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு அகரம் உருபைப் பின்னுயிராக்கிவிடுகிறது.

படி 3: நடுநிலை உயிர்கள் ஏன் நடுநிலை?

எ, இ இரண்டும் யாரோடும் சேரும், யார் வழியையும் மறிக்காது. இதற்குக் காரணம் எளிமையானது: அவற்றுக்கு ஜோடி இல்லை. அ°-வுக்கு எதிரில் அ இருக்கிறது, உ°-வுக்கு எதிரில் உ இருக்கிறது, ஆனால் உதடு குவியாத பின்னுயிராக இ-க்கும் எ-க்கும் எதிரில் நிற்க ஃபின்னிஷில் ஆள் கிடையாது. மாறிக்கொள்ள இன்னொரு வடிவம் இல்லாதபோது மாறச் சொல்லி என்ன பயன்? அத்தகைய உயிர் இருக்கத்தான் வேண்டும் என்றால் எப்படி ஒலிக்கும் என்று தெரிந்துகொள்ள வெளியே போக வேண்டாம், 'காசு', 'பாட்டு' என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் விழுகிற நம் குற்றியலுகரம் கிட்டத்தட்ட அந்த இகர ஜோடிதான்.

சரி, ஒரு சொல் முழுக்க எ, இ மட்டுமே இருந்தால்? அப்போது முன்னுயிர் உருபு. ஹெல்சிங்கியில் என்பதற்கு ஹெல்சிங்கி-ஸ்ஸ°. கல் என்னும் கிவி, கிவெ-ஸ்ஸ° ஆகும். வழி என்னும் தியெ, தியெ-ல்ல° ஆகும். இ, எ இரண்டும் நாக்கின் நிலைப்படி முன்னுயிர்கள்தானே, அந்த இயல்பு வேறு யாரும் கட்டளையிடாதபோது வெளியே வருகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடல் என்னும் மெரி. 'கடலில்' என்றால் ஒழுங்காக மெரெ-ஸ்ஸ°. ஆனால் இன்னொரு வேற்றுமையில், பகுதிப் பொருளைக் குறிக்கும் வேற்றுமையில், மெர்-த என்று பின்னுயிர் வந்து நிற்கும். ரத்தம் என்னும் வெரியும் அப்படியே, வெர்-த. இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துவிடுங்கள், வேறு வழியில்லை.

படி 4: சங்கிலியைப் பின்தொடருங்கள்

ஒரே உருபோடு நிற்கிற மொழி அல்ல இது. நம் மொழியைப் போலவே ஒட்டுக்கு மேல் ஒட்டு போடும். 'எங்கள் வீட்டிலா?' என்று கேட்க தலொ-ஸ்ஸ-ம்மெ-கொ. 'எங்கள் ஊரிலா?' என்று கேட்க கு°ல°-ஸ்ஸ°-ம்மெ-கொ°. நடுவில் உள்ள ம்மெ 'எங்கள்', கடைசியில் உள்ளது கேள்வி ஒட்டு, நம் ஆ-வைப் போல. ம்மெ-யில் இருப்பது நடுநிலை எகரம் என்பதால் அது மாறவில்லை. ஆனால் தன்னைக் கடந்து செல்லவும் விட்டுவிட்டது, அந்தப் பக்கம் நிற்கும் கேள்வி ஒட்டு வேர்ச்சொல்லின் உயிரைப் பார்த்தே கொ-வா கொ°-வா என்று முடிவு செய்கிறது.

இணக்கம் எப்போதும் இடமிருந்து வலமாகத்தான் பாயும். வேர்தான் எஜமான். முன்னால் ஒட்டும் முன்னொட்டு வேரைப் பார்த்து மாறுவதில்லை, வேரையும் மாற்றுவதில்லை. ஒன்னி என்றால் அதிர்ஷ்டம், அதன் முன்னால் எதிர்மறை முன்னொட்டு எப° வந்து எப°-ஒன்னி, துரதிர்ஷ்டம். முன்னொட்டின் அ° பக்கத்தில் வேரின் ஒ, இரண்டும் சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன.

படி 5: சொல் எங்கே முடிகிறது என்று கவனியுங்கள்

முதல் பெரிய கட்டுப்பாடு இது. கூட்டுச் சொற்களில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி இணக்கம், உருபு கடைசிப் பகுதியைத்தான் கேட்கும். பா° என்றால் தலை, கவுபுங்கி என்றால் நகரம், சேர்த்தால் பா°கவுபுங்கி, தலைநகரம். 'தலைநகரில்' என்றால் பா°கவுபுங்கி-ஸ்ஸ. முன்பகுதி முன்னுயிர், பின்பகுதி பின்னுயிர், உருபும் பின்னுயிர். கிர்ய (புத்தகம்) கூட ஹு°ல்லு° (அலமாரித் தட்டு) சேர்ந்தால் நேர் எதிர்: கிர்யஹு°ல்லு°-ஸ்ஸ°.

ஃபின்லாந்தின் வடபகுதியான லாப்லாந்தில் உள்ள ரொவநியெமி நகரத்தைப் பாருங்கள். படி 2-இன்படி ஒ-வும் அ-வும் இருப்பதால் பின்னுயிர் வர வேண்டும் என்று தோன்றும். வராது. ரொவநியெமெ-ல்ல° என்பார்கள், ஏனென்றால் அது ரொவ, நியெமி என்று இரண்டு சொல். நியெமி என்றால் நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனை. அதில் இருப்பவை நடுநிலை உயிர்கள் மட்டும். பேசுபவர் மனதில் அந்தப் பெயர் இன்னும் இரண்டாகவே பிரிந்து கிடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

கேட்பவருக்கும் இதனால் லாபம் உண்டு. அ-வுக்குப் பின் திடீரென்று உ° வந்தால், புதுச் சொல் ஒன்று தொடங்கிவிட்டது என்று பெரும்பாலும் அர்த்தம். காரி சுவோமி, ஜேம்ஸ் மக்வீன், ஆன் கட்லர் மூவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் ஃபின்னிஷ் பேசுபவர்களை இதில் சோதித்தார்கள். முன்னால் உள்ள அசையோடு இணங்காத சொல்லை அவர்கள் பேச்சோட்டத்தில் சுலபமாகக் கண்டுபிடித்தார்கள். அதாவது இணக்கம் அறுபடும் இடத்தைக் காது எல்லைக்கல்லாகப் பயன்படுத்திக்கொள்கிறது.

படி 6: வந்த சொற்களோடு பொறுமையாக இருங்கள்

கடன் சொற்களுக்கு இந்த மொழியின் கட்டுப்பாடு தெரியாது. கோபன்ஹேகனுக்கு ஃபின்னிஷில் கோ°பென்ஹமின, ஒ°-வும் அ-வும் ஒரே சொல்லில். பொதுவாகக் கடைசியில் வரும் நடுநிலை அல்லாத உயிரைப் பாருங்கள், இங்கே அது அ, ஆகவே கோ°பென்ஹமின-ஸ்ஸ. அமதோ°ரி, அதாவது தொழில்முறை அல்லாதவர், கடைசியாக ஒ° வருவதால் பகுதிப் பொருள் வேற்றுமையில் அமதோ°ரி-அ° என்று முன்னுயிர்.

இந்தக் கணக்கு தடுமாறுவது உ° வரும் சொற்களில்தான். பகுப்பாய்வு என்னும் அனலூ°ஸிக்கு அனலூ°ஸி-அ, அனலூ°ஸி-அ° இரண்டும் வழக்கில் உள்ளன, இரண்டும் சரி என்றே ஏற்கப்படுகின்றன. ரத்தக்காட்டேரி என்னும் வம்பூ°ரியும் இதே கட்சி. பேச்சில் இன்னொரு தப்பிக்கும் வழியும் வைத்திருக்கிறார்கள்: ஒலிம்பிக் போட்டிகளைக் குறிக்கும் சொல்லை எழுதும்போது ஒலு°ம்பிய- என்று எழுதிவிட்டு, வாயால் சொல்லும்போது பலர் ஒலும்பிய- என்று உ°-வை உ ஆக்கிவிடுவார்கள். உருபை வளைப்பதற்குப் பதிலாகச் சொல்லையே வளைத்துவிட்டார்கள்.

படி 7: ஹங்கேரியனுக்கு மாறும்போது

ஹங்கேரியனில் நெடிலும் குறிலுமாகப் பதினான்கு உயிர்கள். அடிப்படை அதேதான்: ஹாஸ் (வீடு), ஹாஸ்-பன், கெர்த் (தோட்டம்), கெர்த்-பென். இங்கே உருபின் பகரத்தை 'தம்பி' என்பதில் வருகிற மாதிரி மெல்லச் சொல்லுங்கள். ஃபின்னிஷில் அ-வுக்கு ஜோடி அ°, இங்கே அந்த இடத்தில் எ.

கூடுதலாக உதடும் கணக்கில் வரும். 'இடம் நோக்கி' என்னும் பொருளுள்ள உருபுக்கு மூன்று வடிவம்: ஹாஸ்-ஹொஸ், கெர்த்-ஹெஸ், ஃபொ°ல்த்-ஹொ°ஸ் (நிலத்தை நோக்கி). பின்னுயிருக்கு ஒன்று, உதடு குவியாத முன்னுயிருக்கு ஒன்று, குவிந்த முன்னுயிருக்கு ஒன்று. எல்லா உருபுக்கும் மூன்று வடிவம் கிடையாது, பலவற்றுக்கு இரண்டுதான்.

கூட்டுச் சொல் விதி இங்கேயும் உண்டு. புதாவும் பெஷ்த்தும் 1873-இல் ஒன்றாக்கப்பட்ட நகரம் புதபெஷ்த், அதில் இருக்கிறோம் என்று சொல்ல புதபெஷ்த்-என். புதாவின் உ-வும் அ-வும் நூற்றைம்பது ஆண்டு கழித்தும் உருபின் மேல் கைவைக்க முடியவில்லை.

படி 8: ஹங்கேரியனின் முரட்டுச் சொற்கள்

இதுவரை சொன்னபடி பார்த்தால் இகரம் மட்டும் உள்ள ஓரசைச் சொல் முன்னுயிர் உருபைத்தான் எடுக்க வேண்டும். வீஸ் (தண்ணீர்) அப்படித்தான் செய்கிறது: தண்ணீருக்கு, வீஸ்-நெக். ஆனால் ஹீத் (பாலம்) ஹீத்-நக் என்கிறது! ஸேல் (காற்று), ஸேல்-நெக். ட்ஸேல் (குறிக்கோள்), ட்ஸேல்-நக். வினையிலும் இதே கூத்து: 'கொண்டுபோகிறார்கள்' விஸ்-நெக், 'குடிக்கிறார்கள்' இஸ்-நக். இன்றைய ஒலிப்பை மட்டும் வைத்துக்கொண்டு எது எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது, இத்தகைய சொற்கள் சில டஜன் இருக்கின்றன, ஒவ்வொன்றாகத்தான் கற்க வேண்டும்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் எனக்குப் பிடித்தமானது. பழங்காலத்தில் ஹங்கேரியனில், மேலே குற்றியலுகரத்தோடு ஒப்பிட்ட அந்தக் குவியாத பின்னுயிர் இருந்தது, பாலம் போன்ற சொற்களில் இருந்தது அதுதான். பின்னாளில் அது இகரத்தோடு கலந்து மறைந்துவிட்டது. உயிர் போய்விட்டாலும் அதைப் பார்த்து வந்த உருபு மட்டும் பழைய பழக்கத்தை விடவில்லை.

ஊசலாட்டமும் இங்கே அதிகம். பபீர் (காகிதம்), கொச்சி (கார்) போன்றவற்றில் பின்னுயிரைத் தொடர்ந்து ஒரே ஒரு இகரம் வருவதால் தடையே இல்லை: பபீர்-நக், கொச்சி-பன். ஆனால் ஹொதெல் என்றால் ஹொதெல்-பன் என்பவரும் உண்டு, ஹொதெல்-பென் என்பவரும் உண்டு. ஆக்னெஷ் என்ற பெண் பெயருக்கும் நக், நெக் இரண்டும் கேட்கும். வாய் எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவுக்கு நடுவில் நிற்கும் உயிர் வழிமறிக்கும்: இகரம் விட்டுவிடும், நெடில் ஏ ஓரளவு விடும், குறில் எ அடிக்கடி மறிக்கும். எண்ணிக்கையும் முக்கியம், அஸ்பிரின் மாதிரி இரண்டு இகரம் அடுத்தடுத்து வந்தால் அதற்கே ஊசலாட்டம் தொடங்கிவிடும்.

புரூஸ் ஹேய்ஸும் ஷுஷா லோண்டும் 2006-இல் இதை அளந்தார்கள். இணையத்தில் எந்த வடிவம் எவ்வளவு வருகிறது என்று பார்த்தார்கள், அப்புறம் இல்லாத சொற்களை உருவாக்கிக் கொடுத்து ஹங்கேரியர்களை உருபு போடச் சொன்னார்கள். மொழியில் உள்ள சொற்களில் எந்த விகிதத்தில் ஊசலாட்டம் இருக்கிறதோ ஏறக்குறைய அதே விகிதம் அந்தப் பொய்ச் சொற்களிலும் வந்தது. ஆகவே 'விதியா, விதிவிலக்கா' என்று கேட்பதைவிட 'எத்தனை பங்கு அந்தப் பக்கம்' என்று கேட்பதே இங்கே சரி. கற்றுக்கொள்பவர் இதற்காகப் பயப்பட வேண்டாம், நீங்கள் எதைச் சொன்னாலும் பாதிப்பேர் தலையாட்டுவார்கள்.

படி 9: மாறாத உருபுகளைத் தனியாக வையுங்கள்

ஹங்கேரியனில் சில உருபுகள் எதற்கும் அசைவதில்லை. ஆறு மணிக்கு, ஹத்-கொர். ஐந்து மணிக்கு, ஒ°த்-கொர். ஒ°-வுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கொர் அப்படியே இருக்கிறது. காரணம், கொர் என்பது இன்றும் 'காலம், வயது' என்ற பொருளில் தனிச் சொல்லாக வாழ்கிறது, உருபாகும் பாதையில் முழுதாக வந்து சேரவில்லை. 'வீட்டுக்காக' ஹாஸ்-ஏர்த் என்பதில் உள்ள ஏர்த்-தும் மாறாது.

மற்ற உருபுகளும் ஒருகாலத்தில் இப்படித்தான் இருந்தன, அதற்கு எழுத்துச் சாட்சியே இருக்கிறது. ஹங்கேரியனில், ஏன் யூராலிக் மொழிகள் அனைத்திலுமே, தொடர்ச்சியான உரையாக நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது 1195-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஓர் இறுதிச்சடங்குப் பேச்சு. புதபெஷ்த்தில் தேசிய நூலகத்தில் உள்ள ப்ராய் சுவடியில் இருக்கிறது. அதில் 'சொர்க்கத்தில்' என்பது பரதிஸும்-பென். இன்றைய விதிப்படி பன் அல்லவா வர வேண்டும்? 'மரணத்துக்கு' என்பது ஹலால்-நெக், இன்று ஹலால்-நக். அந்தக் காலத்தில் பென், நெக் எல்லாம் இன்னும் முன்னால் உள்ள சொல்லோடு முழுதாக ஒட்டாமல் தன் உயிரைத் தானே வைத்திருந்தன.

அந்தப் பழைய உயிரை இன்றும் பார்க்கலாம். பிரதிப்பெயர்களில் உருபே வேராக மாறி முன்னால் வந்து நிற்கும்: எனக்கு, நெகெம், எனக்குள், பென்னெம், என்னை நோக்கி, ஹொஸ்ஸாம். நக்/நெக் ஜோடியில் மூத்தது நெக், ஹொஸ்/ஹெஸ்/ஹொ°ஸ் மூன்றில் மூத்தது ஹொஸ் என்று இவையே காட்டிக்கொடுத்துவிடும்.

படி 10: மற்ற உறவினர்கள், வேகமாக

யூராலிக் என்றால் எல்லோரிடமும் இணக்கம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். எஸ்தோனியன் ஃபின்னிஷுக்கு மிக நெருங்கிய சொந்தம், ஆனால் அதன் பொது வழக்கில் இணக்கம் உதிர்ந்துவிட்டது. ஃபின்னிஷின் கு°ல° அங்கே கு°ல. அ°, ஒ°, உ° போன்றவை சொந்தச் சொற்களில் முதல் அசைக்கு மட்டும் உரியவை என்று சுருங்கிவிட்டன, அதனால் பின்னால் இணங்குவதற்கு எதுவுமில்லை. தெற்கு எஸ்தோனியாவின் வோரு வழக்கில் மட்டும் கு°ல° இன்னும் கு°ல°-தான். கோமி, உத்முர்த் மொழிகளில் கிடையாது. எர்ஸ்யா மொழியில் எ, ஒ இடையே ஆட்டம்: வீட்டில் குதொ-ஸொ, ஊரில் வெலெ-ஸெ. மாரி மொழியில் உதடும் சேரும்: வீட்டில் என்பது பொ°ர்த்-ஷ்தொ° என்ற வாக்கில் கடைசி உயிர் குவிந்தே வரும், கிராமத்தில் என்றால் யல்-ஷ்தெ (இடையில் ஒரு தேய்ந்த உயிரை விட்டுவிட்டேன்).

துருக்கியிலும் இதே மாதிரி இணக்கம் இருக்கிறதே, உறவா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைக்கூட ஃபின்னிஷ், ஹங்கேரியன், துருக்கி எல்லாம் அடங்கிய 'சித்தியக்' கூட்டத்தோடு இணைத்துப் பார்த்தார். தெலுங்கில் இகரத்துக்குப் பின் கி, மற்ற இடங்களில் கு என்று வருவதும் அவர் கண்ணில் படாமல் இல்லை. அந்தக் கூட்டத்தை இன்று யாரும் ஒரு குடும்பமாக ஏற்பதில்லை. உயிர்கள் ஒன்றையொன்று இழுப்பது உலகில் பல இடங்களில் தனித்தனியாக நடக்கிற காரியம், அதை மட்டும் வைத்து உறவு பேச முடியாது.

படி 11: கையால் போட்டுப் பாருங்கள்

இந்தியாவில், டெல்லியில் என்று இரண்டு மொழியிலும் சொல்லிப் பாருங்கள், அப்புறம் கீழே படியுங்கள்.

ஃபின்னிஷில் நாட்டின் பெயர் இந்திய, கடைசியில் அகரம் இருப்பதால் இந்திய-ஸ்ஸ. டெல்லியை அவர்கள் எழுதும்படி தெல்ஹி, எ-வும் இ-யும் மட்டும், ஆகவே ஹெல்சிங்கியின் வழியில் தெல்ஹி-ஸ்ஸ°. ஹங்கேரியனில் இந்தியா-பன், தெல்ஹி-பென். கடைசியாக, அங்கே ஓட்டுநரை ஷொஃபோ°ர் என்பார்கள், பிரெஞ்சிலிருந்து வந்த சொல், பின்னுயிரும் முன்னுயிரும் கலந்தது. அவரை நோக்கிப் போக வேண்டுமென்றால் மூன்றில் எந்த உருபு? கடைசி உயிர் முன்னுயிர், உதடும் குவிந்தது. ஷொஃபோ°ர்-ஹொ°ஸ்.